குட்டி யானைக்கும் பல் பிடித்துப் பார்க்கலாம்!
பழைய மினி லாரி வாங்குவோர் கவனத்துக்கு

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் கொம்பையும் திமிலையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று தெரிந்த பிறகுதான் துண்டுக்குள் விரலை நீட்டுகிறார். அதே மனிதர், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பழைய மினி லாரியை வாங்கும்போது மட்டும் பெயின்ட்டின் பளபளப்பையும் கதவில் உள்ள ஸ்டிக்கரையும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழிகள். ஒன்று, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான மலைப்பாதை. மற்றொன்று, குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதை. மழைக்காலத்தில் பிரதான பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். மேலே விளையும் காபி, மிளகு, ஆரஞ்சு, பலா கீழே வரவும், கீழே இருந்து உரமும் தீவனமும் மேலே போகவும் இந்தப் பகுதி விவசாயிகள் நம்பியிருப்பது சின்ன லாரிகளைத்தான். புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. பெரும்பாலானோர் போய் நிற்பது கன்சல்டிங் கடை வாசலில்தான்.

குப்பனூரைச் சேர்ந்த இரண்டு ஏக்கர் விவசாயி ஒருவரும் அப்படித்தான் போனார். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணமே வருமானத்தில் பாதியைத் தின்கிறது என்பது அவர் கணக்கு. மனைவியின் நகையை வைத்துப் பணம் புரட்டி, துணைக்கு மைத்துனரையும் கூட்டிக்கொண்டார். சேலத்தில் ஒரு கடையில் வெள்ளை நிற டாடா ஏஸ் நின்றது. முகப்பில் ‘கோல்டு’ என்று ஸ்டிக்கர்.

“அண்ணே, 2018 கோல்டுங்க. ஒரே ஓனர். எஃப்.சி. கரெண்ட்ல இருக்கு” என்றார் புரோக்கர்.

விவசாயிக்கு வண்டி பிடித்துவிட்டது. முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்தவரை மைத்துனர் தடுத்தார். “மாமா, கொஞ்சம் பொறுங்க. ஆர்.சி.யைப் பார்த்துடலாம்.”

ஆர்.சி.யில் பதிவு செய்த நாள் 2018 பிப்ரவரி. தயாரித்த மாதம் 2017 அக்டோபர். டாடா நிறுவனம் ‘ஏஸ் கோல்டு’ என்ற பெயரில் வண்டியை அறிமுகப்படுத்தியதே 2018 ஏப்ரலில்தான். பிறக்காத கன்றுக்குப் பெயர் வைத்தது போல, பிப்ரவரியில் பதிவான வண்டியில் ‘கோல்டு’ எப்படி வந்தது? ஸ்டிக்கர் கடையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முகம் மாறாத வண்டி

இந்த ஏமாற்று எளிதாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நிரப்பியது. 702 சி.சி. கொள்ளளவு, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. தமிழ்நாட்டு மக்கள் அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2018-ல் வந்த கோல்டு வண்டியும் ஏறக்குறைய அதே முகம்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டு வித்தியாசமுள்ள இரண்டு வண்டிகளை நன்றாகப் பெயின்ட் அடித்துப் பக்கத்தில் நிறுத்தினால், பழகிய டிரைவரே தடுமாறுவார்.

அதே குடும்பத்தில் சூப்பர் ஏஸ் (2009), மெகா (2015) என்று வேறு உருவங்களும் உண்டு. மெகாவில் இருப்பது 800 சி.சி., 40 குதிரைத்திறன் இன்ஜின். மலை ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 16 குதிரைத்திறன் வண்டி முழுச் சுமையுடன் ஏற்காட்டு வளைவுகளில் ஏறத்தான் செய்யும். ஆனால் முக்கி முனகித்தான் ஏறும். நம் ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் ‘தோஸ்த்’ 2011-ல் வந்தது. 1.25 டன் சுமை, மூன்று சிலிண்டர் இன்ஜின். 2017-ல் ‘தோஸ்த் பிளஸ்’, 2020-ல் கேபின் மாறிய ‘படா தோஸ்த்’. படா தோஸ்த்தைப் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடலாம். முதல் தோஸ்த்தில் ஐந்தாறு ஆண்டு வித்தியாசத்தை வெளித்தோற்றத்தில் சொல்வது சிரமம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ‘மாடல் இயர்’ என்று கம்பெனியே அறிவிக்கும். அடுத்த ஆண்டுக்கான மாடல் இந்த ஆண்டே விற்பனைக்கு வந்துவிடும். நம் ஊரில் அப்படி இல்லை. தயாரித்த மாதம், பதிவு செய்த நாள் இரண்டுதான் கணக்கு. டிசம்பரில் தயாரான வண்டி யார்டில் நின்று பிப்ரவரியில் பதிவாகலாம். அது திருட்டும் அல்ல, தவறும் அல்ல. ஆனால் விற்கும்போது பதிவு ஆண்டைச் சொல்வார்கள். வாங்கும்போது தயாரிப்பு ஆண்டைச் சொல்லி விலை குறைப்பார்கள். புரோக்கருக்கு இரண்டு நாக்கு!

பத்தாவது எழுத்து

பல் பிடித்துப் பார்ப்பது என்றால் சேசிஸ் நம்பரைப் பார்ப்பதுதான். 17 இலக்கம் இருக்கும். இந்தியாவில் தயாரான வண்டிக்குப் பெரும்பாலும் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். இடமிருந்து எண்ணி வந்து பத்தாவது இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஆண்டைக் குறிப்பது அங்கேதான். 2005 முதல் 2009 வரை 5, 6, 7, 8, 9 என்று எண். 2010-க்கு ஏ, 2011-க்கு பி, 2012-க்கு சி என்று வரிசையாக வந்து 2017-க்கு ஹெச். ‘ஐ’ எழுத்து ஒன்றாம் எண் போலத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். எனவே 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020-க்கு எல், 2021-க்கு எம், 2022-க்கு என். ‘ஓ’ சுழியம் போலத் தெரியும் என்பதால் அதற்கும் இடமில்லை, 2023-க்கு பி. ‘க்யூ’வையும் தாண்டி 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். தமிழில் சொல்லும்போது 2011, 2023 இரண்டும் ‘பி’ என்றே ஒலிக்கும். முன்னது பஸ்ஸின் முதல் எழுத்து, பின்னது பேனாவின் முதல் எழுத்து. போனில் கேட்டு முடிவு செய்யாமல் கண்ணால் பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள நம்பரைப் படித்தால் மட்டும் போதாது. சேசிஸ் இரும்பில் குத்தியிருக்கும் நம்பரைத் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்க எடுப்பார்களே, அதே பென்சில் பிரின்ட். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் வர வேண்டும். ஓர் இலக்கம் மட்டும் சாய்ந்தோ, சுற்றிலும் இரும்பு தேய்த்த தடத்துடனோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

நம்பர் பிளேட்டும் பேசும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையான புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். இடது ஓரம் நீல நிறத்தில் ‘இந்தியா’ குறி, அசோகச் சக்கர ஹாலோகிராம், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் கழற்ற முடியும் என்ற பூட்டு. முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரும் இருக்கும்; டீசல் வண்டிக்கு ஆரஞ்சு, பெட்ரோல், கேஸ் வண்டிக்கு இளநீலம். அதில் இன்ஜின், சேசிஸ் நம்பர்களும் இருக்கும். பி.எஸ்.6 வண்டிக்கு அந்த ஸ்டிக்கரின் மேல் ஓரத்தில் பச்சைப் பட்டை. ‘2020 வண்டி’ என்று சொல்லிவிட்டு பெயின்டர் எழுதிய பிளேட்டைக் காட்டினால் காரணம் கேளுங்கள்.

புகை விதியின் தேதிகளும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. வண்டியின் பி.எஸ். வகையை ஆர்.சி.யில் பார்க்கலாம். பி.எஸ்.3 என்றிருந்தால் அது 2018-ல் தயாரான வண்டியாக இருக்க முடியாது.

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்

குப்பனூர் விவசாயியின் வண்டியில் பத்தாவது எழுத்து ஹெச். ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. அதோடு விட்டிருக்கலாம். மைத்துனர் ஒரு வொர்க்‌ஷாப்பில் சில காலம் வேலை பார்த்தவர். ஹெட்லைட்டின் பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்தார். பிளாஸ்டிக் பாகங்களில் சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள், அம்புக்குறி எந்த மாதத்தில் நிற்கிறதோ அதுதான் அந்தப் பாகம் வார்த்த மாதம். இடது ஹெட்லைட்டில் 17. வலதில் 21. வலது கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த முத்திரையும் மற்றக் கண்ணாடிகளின் முத்திரையோடு ஒத்துப்போகவில்லை.

“மாமா, வலது பக்கம் எங்கியோ வாங்கியிருக்கு” என்றார் மைத்துனர்.

புரோக்கர் முதலில் மறுத்தார். பிறகு, “லேசா உரசுனதுங்க, டிங்கரிங் பாத்தாச்சு” என்றார். அவர்கள் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்து, வண்டியைத் தூக்கி சேசிஸ் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். வளையவில்லை. ஆனால் முன் பக்கத்துப் பட்டை பட்டறையில் நிமிர்த்தப்பட்டிருந்தது தெரிந்தது. 3 லட்சத்து 20 ஆயிரத்தில் தொடங்கிய பேச்சு 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு இறங்கியது. வண்டியை வாங்கினாரா என்றால், இல்லை. “மலைக்கு ஏத்துற வண்டி. பொண்டாட்டி நகையை வெச்சுட்டு, ராத்திரி தூக்கம் வராம என்னால இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டு எழுந்தார். மூன்று வாரம் கழித்து, ஸ்டிக்கர் எதுவும் இல்லாத, பெயின்ட் மங்கிய 2016 ஏஸ் மெகா ஒன்றை வேறு இடத்தில் வாங்கினார். பத்தாவது எழுத்து ஜி. ஹெட்லைட் இரண்டிலும் 16.

சீட் பெல்ட் பட்டையின் அடியில் தைத்திருக்கும் சீட்டிலும் தேதி இருக்கும். அதை யாரும் மாற்றுவதில்லை என்பதால் நல்ல சாட்சி. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண், டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம். டயர் மாற்றக்கூடியது; வண்டியின் வயதை அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டெப்னி பெரும்பாலும் முதலில் வந்ததாகவே கிடக்கும்.

ஓர் ஆண்டு வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். இன்சூரன்ஸ் கணக்கில் இரண்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு 30 சதவிகிதம், மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 என்று தேய்மானம் கழிப்பார்கள். 4 லட்சம் ரூபாய் வண்டிக்கு ஓர் ஆண்டு என்பது 40 ஆயிரம் ரூபாய். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதைத் தாண்டினால் ஆண்டுதோறும். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயின்ட், பிரேக் என்று செலவு வரும். அந்த நாட்களில் வாடகை வருமானமும் போகும்.

பேப்பர் வேலையில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35-ம் கையில் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை உங்கள் எதிரிலேயே வாங்குங்கள். குப்பனூர் விவசாயி வாங்கிய மெகாவில் கடன் முடிந்திருந்தும், கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருந்தது. அதை நீக்கித் தரும்வரை 25 ஆயிரம் ரூபாயை அவர் நிறுத்தி வைத்தார். பதினோராவது நாள் பேப்பர் வந்து சேர்ந்தது.