மலைநாட்டுச் சரிவுகளில் நிலைபேறான மரக்கறிச் செய்கை

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை ஆகிய பிரதேசங்களில் சிறு விவசாயிகள் கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு என்பவற்றைப் பயிரிடுகின்றனர். பசுமையாகத் தோன்றினும், இங்கு பரவலாகக் காணப்படும் செம்மஞ்சள் பொட்சோலிக் மண் இயல்பிலேயே வளங்குறைந்ததாகும்.

1. மண் வளங்குன்றக் காரணங்கள்

• மழைநீர் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் என்பவற்றைக் கழுவிச் செல்வதால் மண் அமிலத்தன்மை அடைகின்றது.
• பீ.எச் பெறுமானம் 5.5 இலும் குறையும்போது அலுமினியம் கரைந்து வேர் வளர்ச்சியைத் தடுக்கின்றது. பொசுபரசும் பயிருக்குக் கிடைக்காதவாறு மண்ணில் பிணைக்கப்படுகின்றது.
• சரிவின் மேலிருந்து கீழாகப் பாத்தி அமைத்தால் மேல்மண் அரித்துச் செல்லப்படும். கடன்பட்டு வாங்கிய பசளையும் அதனுடன் ஓடையைச் சேரும். விவசாயிக்கு நட்டம், நீருக்கு மாசு.

2. பரிகாரங்கள்

பின்வரும் ஒழுங்குமுறை முக்கியமானது.

(அ) மண்ணைத் தடுத்து வைத்தல்: சமவுயரக்கோடு வழியே கல்லணை, வடிகான், புல் வரிசை அமைத்தல். வெப்பம் கூடிய தாழ்ந்த சரிவுகளில் கிளிரிசிடியா வேலி அமைத்து, அதன் தழையைப் பசுந்தாட் பசளையாக இடலாம். இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலேயே இயற்றப்பட்டது.

(ஆ) அமிலத்தன்மையைக் குறைத்தல்: மண் பரிசோதனையின் பின்னர் தேவையான அளவு டொலமைற்று இடல். இது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் வழங்கும்.

(இ) சேதனப் பொருள் சேர்த்தல்: கூட்டெரு, மாட்டெரு என்பன நீரையும் போசணையையும் பிடித்து வைக்கும்.

(ஈ) பயிர்ச் சுழற்சி: கோவாவின் பின் மீண்டும் கோவா நடுவதால் வேர்வீக்க நோய் பெருகும். இடையே போஞ்சி போன்ற அவரையினப் பயிரை நடுதல் நன்று.

3. சிந்தனைக்கு

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. போதிய கூட்டெரு இன்றி விவசாயிகள் பெரிதும் இடர்ப்பட்டனர். மண்வளம் ஒரு போகத்தில் உருவாவதில்லை. எனவே சேதனப் பசளையைப் படிப்படியாகக் கூட்டி, இரசாயனப் பசளையை மண் பரிசோதனைக்கேற்ப அளவோடு இடுவதே சிறு விவசாயிக்குப் பொருத்தமானது.

பரீட்சார்த்திகள் கவனிக்க: முறைகளை வெறுமனே பட்டியலிடாது, ஒவ்வொன்றும் எக்காரணத்துக்குப் பரிகாரமாகின்றது என விளக்குக.

மாதிரி வினா: சரிவு நிலத்தில் பசளையிடுவதற்கு முன்னர் மண்ணரிப்பைத் தடுக்க வேண்டியது ஏன்?