அடுக்கு புரண்ட இடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்குக் கிழக்கே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பொட்டல். நடுவில் 1.2 கிலோமீட்டர் அகலம், சுமார் 170 மீட்டர் ஆழம். 1891-ல் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமை நிலவியலாளர் கில்பர்ட் நேரில் வந்து அளந்து பார்த்தார். பூமிக்கடியில் நீராவி வெடித்ததால் உண்டான பள்ளம் என்று முடிவு சொன்னார். விண்ணிலிருந்து இரும்பு விழுந்திருந்தால் அது உள்ளே புதைந்திருக்க வேண்டும், காந்த ஊசி அசைய வேண்டும், ஊசி அசையவில்லை என்பது அவர் வாதம். இதே கில்பர்ட்தான் இரண்டு வருடம் கழித்து, நிலவில் இருக்கும் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று எழுதினார். மேலே பார்த்தபோது சரியாகத் தெரிந்தது அவருக்குக் காலடியில் தெரியவில்லை.

அடுத்து வந்த சுரங்கப் பொறியாளர் பாரிஞ்சர், இது விண்கல் பள்ளமேதான் என்று அடித்துச் சொன்னார். 1903-ல் நிலத்துக்கு உரிமை வாங்கி, அடியில் கோடிக்கணக்கில் விலைபோகும் இரும்பு கிடக்கிறது என்று நம்பி, கால் நூற்றாண்டுக்கு மேல் துளையிட்டார். கைக்காசும் பிறர் காசும் கரைந்ததுதான் மிச்சம். 1929-ல் இறந்துபோனார். பள்ளத்தைப் பற்றி அவர் சொன்னது சரி; இரும்பைப் பற்றி நம்பியது தப்பு. நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் கல் முழுதாகப் புதைந்து கிடக்காது. மோதிய கணத்தில் அதன் இயக்க ஆற்றலெல்லாம் அதிர்ச்சி அலையாகவும் வெப்பமாகவும் மாறிவிடும். இரும்பில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறிப்போகும்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதியவர் யூஜீன் ஷூமேக்கர். 1928-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் பட்டம் பெற்று, அடுத்த வருடமே நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, கொலராடோவிலும் யூட்டாவிலும் யுரேனியம் தேடி மலையும் பாறையுமாக அலைந்தார். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில், தன் ஆயுளுக்குள் மனிதன் நிலவுக்குப் போய்விடுவான், போகிறவர்களில் நிலவியல் தெரிந்த ஒருவன் இருக்க வேண்டும், அது தானாக ஏன் இருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறக்கவே இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அரிசோனா பள்ளத்தின் விளிம்பை அவர் அடி அடியாக நடந்து வரைபடமாக்கினார். அந்த வட்டாரத்தின் பாறை அடுக்கு எளிமையானது. மேலே செம்பழுப்பு நிறத்தில் மோயன்கோப்பி, அதன் கீழே வெளிர் மஞ்சளாகக் கைபாப் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே வெண்மையான கோகோனினோ மணற்கல். கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. இது நிலவியலின் அரிச்சுவடி. ஆனால் விளிம்பில் ஏறிப் பார்த்தால் வரிசை தலைகீழ். செம்பழுப்பின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் வெள்ளை. பாயின் ஓரத்தைப் பிடித்துப் பின்னால் மடித்துப் போட்டது போல, அடுக்கு முழுவதும் வெளிப்பக்கமாகப் புரண்டு கிடந்தது.

இதே மடிப்பை அவர் வேறோர் இடத்தில் பார்த்திருந்தார். நெவாடா பாலைவனத்தில், தரைக்குச் சற்றுக் கீழே புதைத்து வெடித்த அணுகுண்டுச் சோதனைப் பள்ளங்களில். குறிப்பாக 1955-ல் ‘டீபாட் எஸ்’ என்ற சோதனை விட்டுச்சென்ற குழியின் விளிம்பிலும் மண்ணடுக்கு இப்படியே புரண்டிருந்தது. கண நேரத்தில், ஆழம் குறைந்த ஒரே புள்ளியிலிருந்து, பெரும் ஆற்றல் நாலாபக்கமும் விரிந்தால் இந்த மடிப்பு வரும். ஆனால் அரிசோனா பள்ளம் உண்டானபோது, ஐம்பதாயிரம் வருடம் முன்பு, அங்கே யாரும் அணுகுண்டு புதைக்கவில்லையே!

வடிவம் ஒத்துப்போவது வலுவான சான்று. ஆனாலும் வாதிட இடம் தரும். அந்த இடத்தையும் 1960-ல் ஒரு கனிமம் அடைத்துவிட்டது. லோரிங் கோஸ் என்ற வேதியியலாளர் 1953-ல் ஆய்வுக்கூடத்தில் குவார்ட்ஸைக் கடும் அழுத்தத்தில் நசுக்கிப் புதிய, அடர்த்தியான ஒரு பொருளைச் செய்திருந்தார். கோசைட் என்று பெயர். அது உருவாக, நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இருபதாயிரம் மடங்குக்கும் மேல் தேவை. எரிமலை எவ்வளவு குமுறினாலும் தரைமட்டத்தில் அந்த அழுத்தம் வராது. அரிசோனா பள்ளத்து மணற்கல்லில் நிலவியலாளர் எட்வர்ட் சாவோ அதைக் கண்டெடுத்தார். ஷூமேக்கரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையோடு வழக்கு முடிந்தது. இருவரும் அடுத்துப் பிடித்தது ஜெர்மனியின் நோர்ட்லிங்கன். 24 கிலோமீட்டர் அகலமுள்ள ரீஸ் பள்ளத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கும் பழைய ஊர் அது. எரிமலைக் குழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அங்கிருந்து எடுத்த கல்லிலும் கோசைட். ஊர் நடுவே நிற்கும் தேவாலயமே அந்த மோதலில் பிறந்த கல்லால் கட்டியது. (பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடல் கடக்க வேண்டாம், மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி இந்த வகைப் பள்ளம்தான்.)

நிலவுக் கனவு மட்டும் நிறைவேறவில்லை. 1963-ல் அவருக்கு அடிசன் நோய் இருப்பது தெரிந்தது. அட்ரினல் சுரப்பிகள் போதிய அளவு சுரக்காத கோளாறு. விண்வெளி வீரராகும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. தான் போக முடியாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு வாத்தியாரானார். அவர் தொடங்கிய விண்நிலவியல் பிரிவு ஃபிளாக்ஸ்டாஃப் அருகே எரிமலைச் சாம்பல் வெளியில் வெடிவைத்துக் குழிகள் பறித்து, நிலவின் ஒரு துண்டையே தரையில் செய்து காட்டியது. 1972-ல் நிலவில் இறங்கிய நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட், அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்தான். இதற்கிடையே 1968-ல் ஷூமேக்கர் கொலராடோ ஆற்றில் படகேறி, ஏறக்குறைய நூறு வருடம் முன்பு அந்த ஆற்றை ஆராய்ந்த பாவல் குழுவினர் படமெடுத்த இடங்களைத் தேடிப்பிடித்து, அதே கோணத்தில் மறுபடி படமெடுத்துத் திரும்பினார். அலுவலக நாற்காலி அவரை அதிக நாள் பிடித்து வைத்ததில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது நிலவு விவகாரம் அல்ல, அதன் பிறகு நடந்தது. 1951-ல் அவர் மணந்த கேரலின், கல்லூரி அறைத்தோழனின் சகோதரி. வரலாறும் ஆங்கிலமும் படித்தவர். நிலவியல் வகுப்பில் கொட்டாவி விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனபின், ஐம்பத்தோராவது வயதில், கணவரின் தேடலில் தானும் சேர்ந்தார். பள்ளங்களை எண்ணியாயிற்று, இனி பள்ளம் பறிக்கும் கற்களை எண்ணுவோம் என்பது ஷூமேக்கரின் கணக்கு.

கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையிலிருந்த சிறிய ‘ஷ்மிட்’ வகைத் தொலைநோக்கியில் வானத்தின் ஒரே பகுதியை முக்கால் மணி நேர இடைவெளியில் இரண்டு ஃபிலிம்களில் எடுப்பார்கள். இரண்டையும் இருகண் நுண்ணோக்கியில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அசையாத நட்சத்திரங்கள் ஒரே தளத்தில் படுத்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் நகர்ந்த சிறுகோளோ வால்நட்சத்திரமோ மட்டும் அந்தத் தளத்திலிருந்து மேலெழும்பி மிதப்பதாகத் தெரியும். கணிதமும் இயற்பியலும் வேண்டாம். பொறுமையும் கண்ணும் போதும். கேரலினுக்கு இரண்டும் இருந்தன. 32 வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்.

அவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1993 மார்ச்சில் வானம் மூட்டம் போட்ட ஓர் இரவு, வெளிச்சம் பட்டு ஓரம் கெட்டுப்போன ஃபிலிமையே போட்டுப் பார்ப்போம் என்று நண்பர் டேவிட் லெவி சொல்ல, அப்படியே எடுத்தார்கள். அதில் வியாழனுக்கு அருகே, யாரோ நசுக்கிவிட்டது மாதிரி நீளவாக்கில் ஒரு வால்நட்சத்திரம் கேரலின் கண்ணில் பட்டது. முந்தைய வருடம் வியாழனை நெருங்கிப் போனபோது அதன் ஈர்ப்பில் உடைந்து, இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வரிசை கட்டி நின்றதுதான் அப்படித் தெரிந்தது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாக, நொடிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனில் விழுந்தன. சில தழும்புகள் பூமியளவு பெரியவை. வீட்டு மாடியில் வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கியிலேயே தெரிந்தன. பாறை மடிப்பையும் கனிமத்தையும் காட்டி ஷூமேக்கர் முப்பது வருடம் வாதாடிய சங்கதி, இப்போது தொலைக்காட்சியில் ஓடியது.

1984 முதல் கணவனும் மனைவியும் வருடந்தோறும் ஆஸ்திரேலியா போய் வந்தார்கள். பழமையான, அதிகம் கலையாத நிலம் அது. பள்ளங்கள் அழியாமல் கிடக்கும். வண்டியில் சாமான்களைப் போட்டுக்கொண்டு, கண்ட இடத்தில் முகாமடித்து, ஒருவர் அளக்க ஒருவர் குறித்துக்கொள்ள வேலை நடந்தது. 1997 ஜூலை 18 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே, தனாமி மண்சாலையில் எதிரே வந்த வண்டியுடன் நேருக்கு நேர் மோதி ஷூமேக்கர் அங்கேயே இறந்தார். கேரலின் பலத்த காயத்தோடு பிழைத்தார். ஷூமேக்கரின் சாம்பலில் ஒரு சிறு பகுதியை லூனார் ப்ராஸ்பெக்டர் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். 1999 ஜூலை 31 அன்று அந்தக் கலம் வேலை முடிந்து நிலவின் தென்துருவப் பகுதியில் மோதியது. கடைசியில் அவர் நிலவுக்குப் போனதும் ஒரு மோதலாகவே அமைந்தது.

உடல் தேறிய கேரலின் ஆய்வை விடவில்லை. 2021-ல், 92 வயதில்தான் காலமானார். ஆஸ்திரேலியாவில் சேர்த்த அளவுகளும் வரைபடங்களும் கிடப்பில் போகவும் இல்லை. அந்நாட்டின் ஐந்து சிறிய மோதல் பள்ளங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2005-ல் வெளிவந்தது. ஆசிரியர்கள் மூவர். முதல் பெயர் யூஜீன் ஷூமேக்கர், கடைசிப் பெயர் கேரலின்.