ஒரு கவளமும் ஆறு வயதுப் பல்லும்

வடலூர்த் தருமச்சாலையில் இராமலிங்க சுவாமிகள் 1867-ம் ஆண்டு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே பந்தியில் அமர்ந்து எதிர்வரிசை முகங்களைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு கவளச் சோற்றுக்காக எத்தனை அவயவங்கள் உழைக்கின்றன!

முகத்தெலும்புகள் 14-ல் அசையக் கூடியது கீழ்த்தாடை ஒன்றே. மெல்லும்போது நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால், தாடையை மேலே இழுக்கும் தசை துள்ளுவது தெரியும். பல்வரிசைக்கு வெளியே நழுவிய பருக்கையைக் கன்னத்துத் தசை உள்ளே தள்ளுகிறது. நாக்கு எதிர்ப்புறம் காவல் நிற்கிறது. காதின் முன்புறமும், தாடையின் கீழும், நாவின் அடியிலுமுள்ள மூன்று ஜோடிச் சுரப்பிகள் உமிழ்நீரைப் பொழிகின்றன. அந்நீர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கத் தொடங்குவதால்தான், மெல்லும்தோறும் சோறு தித்திக்கிறது. அவசரக்காரர்களுக்கு இந்தத் தித்திப்புக் கிட்டுவதில்லை, பாவம்!

அன்றாட விதிகளை வகுத்த சுவாமிகள், வேலங்குச்சி, ஆலம்விழுது, கரிசலாங்கண்ணி என்று பல் துலக்கும் முறையையும் விடாமல் சொன்னார். நம் இல்லங்களிலோ ஒரு பல்லுக்குப் பெரும் அநீதி நிகழ்கிறது. ஏறக்குறைய ஆறாம் வயதில், பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் சந்தடியின்றி முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால், அதையும் பாற்பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும், "விழுந்து முளைக்கும்" என்று வாளா இருக்கிறார்கள். முளைக்காது, ஆயுள் முழுவதற்கும் அது ஒன்றுதான். அதன் மேலுள்ள எனாமல் என்னும் கெட்டிப் பூச்சு தேய்ந்தால், உடம்பு அதை மறுபடி உண்டாக்குவதுமில்லை. இன்றிரவு குழந்தையை விளக்கருகே அழைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல் அது.