ஜெட் விமானத்தின் அழகு

ஜெட் விமானத்தின் அழகு என்பது, விமான ஆர்வலர்கள் ஒரு விமானத்தின் வடிவம், தரையில் நிற்கும் தோரணை, பறக்கும் விதம், எழுப்பும் ஒலி ஆகியவற்றைக் கொண்டு அதை மதிப்பிடும் முறையாகும். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆளுக்கு ஆள் மாறும் ரசனை போலத் தோன்றும். ஆனால் பழகிய கண் விமானத்தின் உருவத்தில் காற்றியக்கவியலின் விதிகளைப் படிக்கிறது. படகின் அணியத்தைப் பார்த்தே அது அலையை எப்படி வெட்டும் என்று மீனவர் சொல்லிவிடுவதைப் போன்றது இது. எனினும் இந்தக் கண் ஏமாறுவதும் உண்டு. அதற்கு இந்தியாவின் மாருத் விமானம் நல்ல எடுத்துக்காட்டு. கண்ணுக்கே தெரியாத ஒரு பகுதியின் அருமைக்கு எடுத்துக்காட்டு, டாங்கிகளுக்குப் பெயர்பெற்ற ஆவடியில் உருவானது.

வடிவத்துக்குப் பின்னால் உள்ள காரணங்கள்

ஜெட் விமானம் என்றதும் நினைவுக்கு வருவது பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மீது பாயும் காற்றில் அதிர்ச்சி அலைகள் தோன்றி, இழுவை சட்டென்று கூடுகிறது. இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் இந்த விளைவு இன்னும் அதிக வேகத்துக்குத் தள்ளிப்போகிறது. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடத் துடிப்பது போன்ற தோற்றத்தை இந்தச் சாய்வு தருகிறது. அதை அழகு என்று சொல்பவர் உண்மையில் ஒரு இயற்பியல் தீர்வைப் பாராட்டுகிறார்.

சிறுத்த இடை இன்னும் சுவையான கதை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் விட்கோம்ப் பரப்பு விதியைக் கண்டறிந்தார். விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வெட்டின் பரப்பும் சீராகக் கூடிச் சீராகக் குறைய வேண்டும். இறக்கை வந்து சேரும் இடத்தில் பரப்பு திடீரென்று கூடுவதால், அங்கே உடற்பகுதியை ஒடுக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம். எஃப்-102 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் முதல் வடிவத்தால் ஒலிவேகத்தைத் தாண்ட முடியவில்லை. அதன் இடையைச் சுருக்கி மறுபடி கட்டியதும், 1954 இறுதியில் தாண்டியது. அந்த உருவத்தை மேலைநாட்டார் குளிர்பான பாட்டிலுக்கு ஒப்பிட்டனர். நம் ஊரில் அதற்கு உடுக்கை இருக்கிறது.

பயணிகள் விமானங்களிலும் இதே வாசிப்பு நடக்கிறது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை வடமேற்கே ஒரு கோடாக நீட்டினால் அது பூந்தமல்லிப் பக்கம் போகும். இந்தப் புறநகரின் மொட்டைமாடிகளில் நின்று விமானம் பார்ப்பவருக்கு முதல் பாடம், போயிங் 737-ஐயும் ஏர்பஸ் ஏ320-ஐயும் பிரித்தறிவது. 737-800 விமானத்தின் எஞ்சின் கூடு அடியில் சற்றுத் தட்டையாக இருக்கும். 1960களில் மெல்லிய எஞ்சின்களுக்காகத் தரைக்கு நெருக்கமாக வடிவமைத்த விமானத்தில், பிற்காலத்துப் பருத்த எஞ்சினைப் பொருத்த வேண்டியிருந்ததன் விளைவு அது. அழகிய கோடு என்று அதை யாரும் சொல்வதில்லை. ஆனால் காரணம் தெரிந்த பிறகு அந்தத் தட்டையின் மீது ஒரு பிரியம் வந்துவிடுகிறது. 787 விமானத்தின் கலப்புப் பொருள் இறக்கை பறக்கும்போது வில்லாக மேல்நோக்கி வளைவதும், அதன் எஞ்சின் கூட்டின் பின்விளிம்பு இரைச்சலைக் குறைப்பதற்காக வாள்பல் போல வெட்டப்பட்டிருப்பதும் அடுத்த பாடங்கள்.

பறக்கும்போது கூடும் அழகு தனி. 2024 அக்டோபர் 6 அன்று, இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டி மெரினாவில் நடந்த வான்சாகச நிகழ்ச்சியில் ரஃபேல், சுகோய்-30, தேஜஸ் ஆகியவற்றையும் சூரிய கிரண் குழுவின் ஹாக் விமானங்களையும் லட்சக்கணக்கானோர் கண்டனர். விமானம் கூர்மையாகத் திரும்பும்போது இறக்கையின் மேல் வெண்பஞ்சு போல ஆவி படர்வதுண்டு. இறக்கைக்கு மேலே அழுத்தம் குறைந்து காற்று குளிர்வதால் நீராவி திரள்கிறது. ஈரம் மிகுந்த கடலோரக் காற்றில் இது எளிதில் நிகழும். ஒலியும் இந்த அழகில் ஒரு பங்கு. எஞ்சின் வெளியேற்றும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைத் தெளித்து எரிக்கும் பின்னெரிப்பு தொடங்கும்போது வரும் அதிர்வைக் காது கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூடு உணர்கிறது. அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்ததையும் சேர்த்தே அந்த நாளை நினைவுகூர வேண்டும்.

மாருத்: அழகும் குறையும்

இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானம் எச்.எஃப்-24 மாருத். தமிழில் நாம் மாருதம் என்று வழங்கும் சொல்லோடு உறவுடைய பெயர். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் 1956-இல் இந்தியா வந்து, பெங்களூரு இந்துஸ்தான் நிறுவனத்தில் இதை உருவாக்கினார். முதலில் அதே அளவில், எஞ்சின் இல்லாத மரக் கிளைடர் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டு வடிவத்தைச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதன்முதலில் பறக்கச் செய்தார்.

கூரிய மூக்கு, சாய்ந்த இறக்கை, பரப்பு விதிப்படி ஒடுங்கிய இடை, இருபுறமும் அடக்கமான காற்று நுழைவாய்கள் என்று மாருத்தின் கோடுகளில் குறைசொல்ல அதிகம் இல்லை. அக்கால ஜெட் விமானங்களில் மிக அழகானவற்றுள் ஒன்றாக இதை இன்றும் பல ஆர்வலர்கள் கருதுகிறார்கள். ஒலியைப் போல இரு மடங்கு வேகம் இலக்காக இருந்தது. உருவம் அதற்குத் தயாராகவே இருந்தது, எஞ்சின்தான் வரவில்லை.

பின்னெரிப்புடன் கூடிய, வலிமை மிகுந்த ஆர்ஃபியஸ் எஞ்சின் ஒன்றை நம்பியே வடிவமைப்பு நடந்தது. அதைப் பிரிட்டன் கைவிட்டது. மீதி வளர்ச்சிச் செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. கடைசியில் பொருத்தப்பட்டவை, பின்னெரிப்பு இல்லாத, ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ உந்துவிசை மட்டுமே தரும் இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள். ஏழு மீட்டருக்கும் குறைந்த இறக்கை அகலம் கொண்ட குட்டி நாட் விமானத்தை ஓட்டியது இதே குடும்பத்து எஞ்சின்தான். நாட்டுக்கு அது போதும், மாருத்துக்குப் போதவில்லை. ஒலிவேகத்தைத் தொடுவதே அதற்குப் பெரும்பாடு ஆனது. எகிப்தில் உருவான எஞ்சினையும் பொருத்திப் பார்த்தார்கள், அதுவும் நிறைவேறவில்லை.

ஆர்ஃபியஸுக்கே பின்னெரிப்பு சேர்க்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. 1970 ஜனவரி 10 அன்று, அப்படி மாற்றப்பட்ட மாருத் ஒன்று பெங்களூரில் விபத்துக்குள்ளாகி, ஓட்டிய சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். மாருத்தை முதன்முதலில் வானில் ஏற்றியவர் அவர். அதற்கு வேண்டிய வலுவைத் தேடும் சோதனையில்தான் இறந்தார். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து தாக்கும் பணியை மாருத் நன்றாகவே செய்தது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்ட பின் உற்பத்தி நின்றது. சென்னையிலேயே அதைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குச் செல்லலாம். பக்கவாட்டில் நின்று இடையைப் பாருங்கள். பிறகு பின்னால் சென்று எஞ்சின் வாய்களின் அளவைப் பாருங்கள். கதை முழுவதும் அந்த இரண்டு பார்வையில் அடங்கிவிடும்.

ஆவடியின் பங்கு

ஆவடி என்றால் விஜயந்தா, அர்ஜுன் டாங்கிகள் நினைவுக்கு வரும். இங்கே விமானப்படை நிலையமும் உண்டு. ஆனால் ஜெட் விமானக் கதையில் ஆவடிக்கு இடம் தேடித் தந்தது, அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த போர் ஊர்திகள் ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம். தேஜஸ் விமானத்தின் துணைக்கருவி கியர்பெட்டியை அந்த நிறுவனம் உருவாக்கியது. டாங்கியின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கர நுட்பத்தில் பழகிய கைகள், அதே அறிவை எடை குறைவாக, இடம் குறைவாக, மிகுந்த சுழல்வேகத்துக்கு ஏற்பச் சுருக்கித் தந்தன.

இதன் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. ஜெட் எஞ்சினின் சுழற்சியில் ஒரு பகுதியை ஒரு தண்டு வழியாக வாங்கி, மின்னாக்கியையும் நீரியல் பம்புகளையும் இயக்குகிறது. தரையில் எஞ்சினைக் கிளப்பும்போது சுழற்சி எதிர்த்திசையில், இந்தப் பெட்டி வழியாக எஞ்சினுக்குப் போகிறது. தேஜஸ் வாலில்லா முக்கோண இறக்கை விமானம். சுறுசுறுப்புக்காக வேண்டுமென்றே நிலைப்பு குறைவாக வடிவமைக்கப்பட்டது. அதைக் கணினிகள் நொடிக்கு நொடி சரிசெய்து பிடித்திருக்கின்றன. கணினிக்கு மின்சாரமும், இறக்கை மடிப்புகளை அசைக்க நீரியல் அழுத்தமும் வேண்டும். மெரினாவில் தேஜஸ் செங்குத்தாகத் திரும்பிய ஒவ்வொரு முறையும் கைதட்டியவர்கள், தெரியாமலே இந்தப் பெட்டியின் உழைப்பையும் சேர்த்துத்தான் பாராட்டினார்கள். புறத்தோற்றத்தை மட்டும் வைத்து அழகை அளப்போர் இதை விட்டுவிடுவது நியாயமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்சக்கரத்தின் பல் ஒன்று துல்லியமாக அமைந்தால் அதையும் அவர் அழகு என்றே சொல்வார்.

2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்த தேஜஸ், இன்று கோவைக்கு அருகில் சூலூர் தளத்தில் பணியில் இருக்கிறது. அதன் எஞ்சின் அமெரிக்காவின் எஃப்404. இந்தியா உருவாக்கி வந்த காவேரி எஞ்சின் எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாததால், 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேம்பட்ட மார்க்-1ஏ வகைக்காக வாங்கிய 99 எஃப்404 எஞ்சின்களில் முதலாவது, நீண்ட தாமதத்துக்குப் பின் 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது.