மூணாற்றின் உறைபனியும் கொழுந்துக் கூடைகளும்

கேரளம் என்றதும் தென்னையும் வெயிலும் மழையுமே நம் நினைவில் எழும். எனினும், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாற்றில், மார்கழி, தை மாதங்களின் வைகறைகள் சிலவற்றில் புல்வெளி வெண்ணிறம் பூண்டுவிடுகிறது. 2019 ஜனவரியில் அங்கு வெப்பநிலை பூஜ்யத்திற்கும் கீழே இறங்கியது. அவ்வெண்மையைக் காணப் பயணிகள் திரண்டனர். அதே நாட்களில் கூடையுடன் தேயிலைச் சரிவுகளில் ஏறிய மகளிருள் மிகப் பலர் நம்மவரே. தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் அம்மலைகளில் குடியேறிய தொழிலாளரின் வழிவந்தோர்.

இவ்வுறைபனி வானிலிருந்து பொழிவதன்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அங்கு இலைமேல் ஈரம் உறைகிறது; இலையினுள் இருக்கும் நீரும் உறைந்து திசுக்களைச் சிதைக்கிறது. வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடுகிறது. மேட்டுச் செடி பசுமையாயிருக்க, பள்ளத்துச் செடி தீப்பட்டாற்போல் நிற்பதன் காரணம் இதுவே. கதிரவன் எழுமுன் நீர் தெளித்தும், இளங்கன்றுகளைத் தழையால் மூடியும் ஓரளவு காக்கலாம், நிழல்மரங்களும் துணைசெய்யும்.

குளிருக்கு அஞ்சி வேலையை நிறுத்துவோர் அல்லர் அவர்கள். சேலைமேல் பழைய சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் ஈரம் தடுக்கும் விரிப்பு என்று புறப்பட்டுவிடுவர். பெரிய இழப்பு பின்னரே வருகிறது. நாட்கூலிக்கு மேல், குறித்த எடையைக் கடந்து பறிக்கும் கொழுந்துக்கே கூடுதல் தொகை கிடைக்கும். கருகிய செடி மீண்டும் துளிர்க்க வாரங்கள் செல்லும். அதுவரை கூடை நிறையாது, தொகையும் சுருங்கும். குடும்பக் கணக்கில் அச்சிறு தொகையின் அருமை, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் இல்லங்கள் அறியாததன்று.

அரிதாக வரும் பருவம் என்பதனாலேயே அதனைப் பொருட்படுத்தாது விடுதல் முறையன்று. கருகிய பயிரின் இழப்பைக் கணக்கிடும்பொழுது, கூடை குறைந்தவரின் இழப்பையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். அவ்வாரங்களில் எடையின் வரம்பைத் தளர்த்துவதே நேரிய வழியென்று கருதுகிறோம்.

பனிக்காலத்தில் மூணாறு செல்லும் நம் அன்பர்கள் வெண்புல்லைக் கண்டு மகிழ்க. அருகே கருகி நிற்கும் சரிவையும், அதனிடையே கொழுந்து தேடும் கைகளையும் கண்டு, அவர்களிடம் நம் மொழியில் நலம் விசாரித்து வருக.