கணினியின் துயில் நிலையும் ஆழ்துயில் நிலையும்

துயில் நிலை, ஆழ்துயில் நிலை என்பன, செய்துகொண்டிருக்கும் பணிகளை மூடாமலேயே கணினியின் மின் நுகர்வைக் குறைக்கும் இருவேறு முறைகள் ஆகும். முன்னது திரையில் ஸ்டாண்ட்பை அல்லது ஸ்லீப் எனவும், பின்னது ஹைபர்னேட் எனவும் காணப்படும். மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் இவற்றிடையே உள்ள வேறுபாடு எளிதில் புலப்படாது. மேசைக் கணினியிலோ, மின்சாரம் நின்றதும் துயில் நிலையில் இருந்த பணி அழிந்துவிடும். ஆழ்துயில் நிலையில் இருந்தது அழியாது. பழைய மேசைக் கணினிகளில் இவை சரிவரச் செயற்படாமைக்கான காரணங்களும் தீர்வுகளும் கீழே தரப்பட்டுள்ளன.

செயற்படும் முறை

1992 இல் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் வெளியிட்ட ஏபிஎம் முறையில் மின் மேலாண்மை பெரும்பாலும் பயாஸின் பொறுப்பில் இருந்தது. 1996 டிசம்பரில் இவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் இணைந்து வெளியிட்ட ஏசிபிஐ, அப்பொறுப்பை இயங்குதளத்திடம் மாற்றியது. இதில் பயனருக்குத் தேவையான நிலைகள் பின்வருமாறு:

* எஸ்1 - மையச் செயலகம் நிற்கும். பிற பகுதிகளுக்கு மின்சாரம் தொடரும், விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும்.
* எஸ்3 - நினைவகத்திற்கும் எழுப்புவதற்கான சுற்றுகளுக்கும் மட்டும் மின்சாரம் செல்லும். இதுவே வழக்கமான துயில் நிலை.
* எஸ்4 - நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டில் எழுதப்பட்டுக் கணினி அணைந்துவிடும். இதுவே ஆழ்துயில் நிலை.
* எஸ்5 - முழுமையாக அணைந்த நிலை.

ஆழ்துயிலின்போது விண்டோஸ், ஹைபர்ஃபில்.சிஸ் என்னும் மறைக்கப்பட்ட கோப்பிலும், லினக்ஸ் பொதுவாக சுவாப் பகுதியிலும் உள்ளடக்கத்தை எழுதுகின்றன.

மின்தடையும் நிலைத் தேர்வும்

தமிழ்நாட்டில் 2008 இற்குப் பின் சில ஆண்டுகள் கடுமையான மின்வெட்டு நிலவியது. 2012 இல் சென்னைக்கு வெளியேயுள்ள பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்ததால், சிற்றூர்கள் பல நாட்கள் இருளில் மூழ்கின. இம்மாவட்டத்தின் ஒன்றியத் தலைமையிடங்களுள் ஒன்றான திருவரங்குளம் போன்ற ஊர்களில், மேசைக் கணினியைத் துயில் நிலையில் விட்டுச் செல்வது பாதுகாப்பானதன்று. யுபிஎஸ் பொதுவாகச் சில நிமிடங்கள் மட்டுமே தாங்கும். ஆழ்துயில் நிலையில் உள்ள கணினியோ, பல நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை அணைக்கும் பழக்கம் உடையவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, கலப்புத் துயில் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இதில் நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டிலும் எழுதப்பட்ட பின்னரே கணினி துயிலும். மின்சாரம் நிற்காவிடில் நொடிகளில் எழும். நின்றாலும் வன்தட்டிலிருந்து மீளும். வன்தட்டில் இடம் மிச்சப்படுத்த ஆழ்துயிலை நீக்குபவர்கள், கலப்புத் துயிலையும் அறியாமலே இழக்கின்றனர்.

சிக்கலை இனங்காணல்

முதலில் எல்லாக் கோப்புகளையும் சேமித்துவிட்டு, இரு நிலைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஆழ்துயில் சரியாக இருந்து துயில் மட்டும் தவறினால் பயாஸ், இயக்கி அல்லது மின்வழங்கியை ஐயுறலாம். துயில் சரியாக இருந்து ஆழ்துயில் மட்டும் தவறினால் வன்தட்டையும் அதிலுள்ள இடத்தையும் பார்க்கலாம். இரண்டும் தவறினால் இயக்கி மென்பொருளே முதற் காரணமாக இருக்கக்கூடும்.

பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்

* துயிலின்போதும் விசிறி ஓடுதல்: பயாஸில் துயில் வகை எஸ்1 எனத் தெரிவு செய்யப்பட்டிருக்கும். அதனை எஸ்3 என மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பினால், தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருக்கலாம்.
* துயில் தெரிவே காணப்படாமை: திரைக்குப் பொதுவான விஜிஏ இயக்கி பயன்பட்டால் இவ்வாறு நிகழும். உரிய இயக்கியை நிறுவ வேண்டும்.
* ஆழ்துயில் தெரிவு காணப்படாமை: விண்டோஸ் எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதனை இயக்கலாம். அதன் பின்னர் வந்த பதிப்புகளில் நிர்வாகி உரிமையுடன் பவர்சிஎஃப்ஜி கட்டளை தேவைப்படும். விஸ்டாவில் வன்தட்டைத் துப்புரவு செய்யும்போது ஆழ்துயில் கோப்பை அழித்திருந்தாலும் தெரிவு மறையும்.
* போதிய வளம் இல்லை என்ற பிழைச்செய்தி: 1 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகம் உள்ள எக்ஸ்பி கணினிகளில் தோன்றிய இச்சிக்கலை மூன்றாம் சேவைப் பொதி தீர்த்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் முடிவடைந்தது.
* தானாகவே விழித்தல்: சுட்டியின் சிறு அசைவோ வலையமைப்பு அட்டைக்கு வரும் சமிக்ஞையோ காரணமாகலாம். டிவைஸ் மேனேஜரில் அக்கருவிக்குரிய எழுப்பும் அனுமதியை நீக்க வேண்டும்.
* விசைப்பலகையால் எழாமை: பயாஸில் யுஎஸ்பி வழியாக எழுப்பும் வசதியை இயக்க வேண்டும். சில பழைய தாய்ப்பலகைகளில் இதற்கென ஒரு ஜம்பர் உண்டு.
* எழும்போது திரை வராமை அல்லது மீளத் தொடங்குதல்: இயக்கியையும் பயாஸையும் சரிபார்த்த பின்னும் தொடர்ந்தால், மின்வழங்கியின் 5 வோல்ட் காத்திருப்பு மின்தடம் தளர்ந்திருக்கலாம். 2000களின் தொடக்கத்தில் தயாரான பல தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் உப்பிப் பழுதடைந்தன. மேற்பகுதி உப்பியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். மின்வழங்கியைத் தாமே திறப்பது ஆபத்தானது.
* லினக்ஸ் புதிதாகத் தொடங்குதல்: சுவாப் பகுதி போதிய அளவில் இல்லாமை, அல்லது மீளவேண்டிய பகுதி துவக்க அமைப்பில் குறிப்பிடப்படாமை காரணமாகலாம்.

எச்சரிக்கை

இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில், விண்டோஸ் ஆழ்துயிலில் இருக்கும்போது லினக்ஸைத் தொடங்கி விண்டோஸ் பகுதியில் எழுதக்கூடாது. கோப்புகள் சிதைய நேரிடும். ஆழ்துயிலில் இருக்கும்போது நினைவகத்தையோ அட்டைகளையோ மாற்றுவதும் தவறு.

திருத்தம் முடிந்த பின், பணிகளைச் சேமித்துக் கணினியைக் கலப்புத் துயிலில் ஆழ்த்தி, சில நிமிடங்கள் கழித்துச் சுவர் சுவிட்சை அணைத்துச் சோதிக்கலாம். மீண்டும் இயக்கும்போது திறந்திருந்த சாளரங்கள் அப்படியே தோன்றினால், அடுத்த மின்தடையிலும் பணி அழியாது எனக் கொள்ளலாம்.