ஒரு நொடியில் ஒன்பது சுற்று!

பழைய டிராக்டரின் பின்னால் இருக்கும் ஆபத்து

ஓடுகிற டிராக்டருக்கு முன்னால் நிற்க எல்லோரும் பயப்படுவார்கள். பின்னால் நிற்க யாரும் பயப்படுவது இல்லை. ஆனால், பின்னாலும் பெரிய ஆபத்து இருக்கிறது!

இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே, குட்டையான ஓர் இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். என்ஜினின் சக்தியை வெளியே எடுத்துக் கொடுப்பது இந்தத் தண்டுதான். இதற்குப் பெயர் "பி.டி.ஓ.".

இதில் ஒரு நீண்ட ஷாப்டை மாட்டினால், மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் சுழலும். கதிரடிக்கும் யந்திரம் ஓடும். தண்ணீர் இறைக்கும் பம்பும் ஓடும்.

1918-ம் ஆண்டில், அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி இந்த வசதி உள்ள டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்பு, டிராக்டர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, நீண்ட பெல்ட் மூலம் மற்ற யந்திரங்களை ஓட்டியது. இந்தத் தண்டு வந்த பிறகு, நகர்ந்துகொண்டே ஓட்டியது. விவசாயிக்குப் பெரிய உதவி. ஆனால், உதவியோடு ஆபத்தும் சேர்ந்தே வந்தது.

அப்பாவும் மகனும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்கும் தர்மபுரிக்கும் இடையே ரெயில் பாதையில் இருக்கும் ஊர் ராயக்கோட்டை. மலை மேல் பழைய கோட்டை. கீழே தக்காளியும் ராகியும் விளையும் நிலங்கள். வடக்கே போனால், ஓசூர் தொழிற்சாலைகள்.

இந்த வட்டாரத்தில் அப்பா வயலுக்குப் போவார்; மகன் ஓசூருக்கு "ஷிப்டு" வேலைக்குப் போவான். இரண்டு பேருமே சுழலும் யந்திரத்தின் பக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள்.

ஆனால், தொழிற்சாலையில் சுழலும் பாகத்துக்குத் தடுப்பு உண்டு. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே அப்படிக் கட்டளை இட்டது. ஓடுகிற யந்திரத்தின் அருகே போய் எண்ணெய் விடுகிறவர், அதற்கென்று பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

வயலில் என்ன நடக்கிறது? அப்பா இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. ராகிக் கதிரை அள்ளிக் கொடுக்கும் அம்மாவுக்குச் சேலை. பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகள். நடுவே, மூடி இல்லாமல் சுழலும் இரும்புத் தண்டு!

எவ்வளவு வேகம்?

பி.டி.ஓ. தண்டின் வழக்கமான வேகம், நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது, ஒரு நொடிக்கு 9 சுற்று.

5 சென்டிமீட்டர் கனமுள்ள ஷாப்டில் துணி மாட்டிக்கொண்டால், ஒரு நொடியில் சுமார் நாலரை அடித் துணியைச் சுருட்டிவிடும். துணி சுற்றச் சுற்ற உருளை பெரிதாகும். இழுக்கும் வேகமும் கூடும்.

சேலை முந்தானை எவ்வளவு நீளம் தொங்கும்? "ஐயோ!" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். டிரைவர் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

கதிரடிக்கும் யந்திரங்களில் கை இழந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதனால்தான், 1983-ம் ஆண்டில் "அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்" வந்தது. இத்தகைய யந்திரத்தைத் தயாரிப்பவர் லைசென்சு பெற வேண்டும். விபத்தில் சிக்கும் தொழிலாளிக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நஷ்டஈடு பணம் தரும்; போன கையைத் தருமா?

மூடி எங்கே?

புது டிராக்டர் வரும்போது, தண்டின் மேல் ஓர் இரும்பு மூடி இருக்கும். நீண்ட ஷாப்டுக்கு பிளாஸ்டிக் உறை இருக்கும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இரண்டும் இருக்காது. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று ஒரு நாள் கழற்றி இருப்பார்கள். திரும்ப மாட்டியே இருக்கமாட்டார்கள்.

முதல் வேலை, இந்த இரண்டையும் தேடிப் பிடித்து மாட்டுவது. உடைந்து போயிருந்தால் புதிது வாங்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் உறையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அது தனியாக, லேசாகச் சுழல வேண்டும். உறையில் உள்ள சிறு சங்கிலியை அசையாத இடத்தில் மாட்டுங்கள். அப்போதுதான் உள்ளே ஷாப்டு சுழன்றாலும், வெளியே உறை சுழலாமல் நிற்கும்.

பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்

ஷாப்டின் இரண்டு முனைகளிலும் கூட்டல் குறி போன்ற ஓர் இரும்புத் துண்டு இருக்கும். பட்டறையில் இதைக் "கிராஸ்" என்பார்கள். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு முறை இதற்குக் கிரீஸ் வையுங்கள். கையால் அசைத்தால் "கடகட" என்று ஆடுகிறதா? மாற்றிவிடுங்கள். தேய்ந்த கிராஸ் உடைந்தால், ஷாப்டு சாட்டைபோல் வீசி அடிக்கும்.

ஷாப்டைத் தண்டில் பூட்டும் பின் தொலைந்துவிட்டால், அந்த இடத்தில் ஆணியையோ நீள போல்ட்டையோ செருகாதீர்கள். வெளியே நீட்டும் அந்த நுனிதான் துணியைப் பிடிக்கும் கொக்கி!

பளு அதிகமானால் தானே உடைவதற்கென்று ஒரு போல்ட் சில கருவிகளில் உண்டு. "அடிக்கடி உடைகிறதே" என்று அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் போடக்கூடாது. போட்டால், அடுத்த முறை உடைவது கியர் பெட்டியாக இருக்கும்.

ரோட்டவேட்டரை மேலே தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள். ஷாப்டு அதிகமாகச் சாய்ந்தபடி சுழன்றால், கிராஸ் சீக்கிரம் உடையும்.

சாவி மட்டும் போதாது

பழைய டீசல் டிராக்டரில் ஒரு விஷயம் உண்டு. பல டிராக்டர்களில், சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது. நிறுத்துவதற்குத் தனியாக ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால்தான் டீசல் நின்று, என்ஜின் நிற்கும். கம்பி அறுந்துபோய், குமிழை இழுத்தாலும் நிற்காத டிராக்டர்களும் உண்டு. அதை முதலில் சரி செய்ய வேண்டும்.

அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்பது டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. டிரைவரே மாட்டிக்கொண்டால் யார் இழுப்பது? மனைவிக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும், கூலிக்கு வருகிறவர்களுக்கும் ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள்.

யாராவது சிக்கிக்கொண்டால், ஆளைப் பிடித்து இழுக்க ஓடாதீர்கள். இழுக்கப் போனவரும் சிக்கிக்கொள்வார். முதலில் குமிழ், பிறகு ஆள், உடனே 108-க்குப் போன்.

வீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு

கதிர் சிக்கினாலும், களை சுற்றினாலும், கிரீஸ் வைப்பதானாலும், என்ஜினை நிறுத்தி, சுழற்சி முழுவதும் நின்ற பிறகே கை வைக்க வேண்டும். சுழலும் ஷாப்டைத் தாண்டிப் போகக் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். துண்டைக் கழற்றி வையுங்கள். முந்தானையை இடுப்பில் செருகி, தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். குழந்தைகளை மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள்.

"அஞ்சு நிமிஷ வேலைதானே!" என்று சொல்லி, ஓடுகிற யந்திரத்தில் கை வைப்பவர்கள் உண்டு. நிறுத்திவிட்டுச் செய்தாலும் அதே அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

ராகி அறுப்பு தொடங்குவதற்கு முன்பே பட்டறைக்குப் போய், மூடி, உறை, குமிழ் மூன்றையும் சரி செய்துவிடுங்கள்.